அறையில் இன்னொரு குரல்

அடிலெய்டில் நர்ஸ் வேலைக்கு நடுவே கணினி நிரல் எழுதும் சான்றிதழ் படிக்கும் ப்ரான்வென், வீட்டிலிருந்தே முதல் தேர்வை எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் கண்காணிப்பாளர் ஹாமிஷ் நிமிர்ந்தார்.

“யாரோ விடை சொல்றாங்க.”

“வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்.”

“பிராக்கெட்ட மூடுடி, மக்கு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“கேட்டுச்சா? கேமராவத் திருப்புங்க. ஆள் இருந்தா தேர்வு ரத்து.”

திருப்பினாள். கூண்டுக்குள் கொண்டைக்கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“மூணு மாசமா என்னை நானே திட்டிக்கிட்டுப் படிச்சேன். அது பிடிச்சுக்கிச்சு.”

ஹாமிஷ் சிரிக்கவில்லை. “வெளிய வச்சிட்டு வாங்க.”

வந்து உட்கார்ந்து பார்த்தாள். எழுதிய நிரலின் ஆறாவது வரியில் நிஜமாகவே பிராக்கெட்டை மூடவில்லை. விரல் விசைக்குப் போனது.

“தொடாதீங்க, ப்ரான்வென்,” என்றார் ஹாமிஷ். “கிளி சொல்லி எழுதினதா ஆயிடும்.”