கருப்பம்மாளின் நம்பர்

“ஃபைல் வெப்சைட்ல வெளிப்படையா இல்லண்ணே. சரியான பதில் அடிச்சாத்தான் ஸ்கிரிப்ட் எடுத்துக் கொடுக்கும்,” என்றாள் கலாதேவி. ஜெலாப்பாங்கில் வெப்சைட் செய்து தருபவள்.

சதாசிவம் திரையைப் பார்த்தார். ‘தோட்ட வீடுகள் வழக்கு: முக்கிய ஆதாரம்’. அதன் கீழே பாஸ்வேர்டுக்கான கேள்வி: ‘காலைப் பெரட்டில் கருப்பம்மாளைக் கூப்பிட்ட நம்பர் என்ன?’

“உங்க அம்மா நம்பர் தோட்டக் கம்பெனிக்குத் தெரிஞ்சிருந்தா?”

“எப்படித் தெரியும்? நாங்க அங்க வேலை செஞ்சதுக்குச் சாட்சி, தினமும் காலையில நம்பர் கூப்பிட்டு ஆள் குறிச்ச பெரட்டுப் புத்தகம். அதுதான் வெள்ளத்தில போயிடிச்சின்னு கோர்ட்டில சத்தியம் பண்ணிட்டானுங்களே. நீ போடுலா.”

மூன்றாம் நாள் கலாதேவி பதறிப்போய் போன் செய்தாள்.

“அண்ணே, ஃபைலைத் திறந்துட்டாங்க! கம்பெனி ஆபீஸ் இன்டர்நெட் லைன்லேருந்து. முந்நூத்திப் பதினெட்டுன்னு மொதத் தடவையே சரியா அடிச்சிருக்காங்க!”

“நேரம், லைன், அடிச்ச நம்பர், எல்லாம் பதிவாயிருக்கா?”

“ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு. ஆனா ஆதாரம் போயிடிச்சேண்ணே!”

“அத அப்படியே பிரிண்ட் எடு. வக்கீல்கிட்ட போகணும், இப்பவே வாரேன்.”

“அண்ணே...”

“அம்மா நம்பர் ரெண்டே எடத்துலதான் இருக்கு, கலா. ஒண்ணு எங்கிட்ட இருக்கிற அவங்க வேலை அட்டை. இன்னொண்ணு, வெள்ளத்தில போன அந்தப் புத்தகம்.”

கலாதேவி அவர் கொடுத்திருந்த ஃபைலை முதன்முறையாகத் திறந்தாள். உள்ளே இரண்டே வரிகள்.

‘புத்தகம் பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி. அடுத்த விசாரணைக்குக் கொண்டுவரவும்.’