மூன்றாம் நாள் மாத்திரை

இன்று மாலை சுகாதார வகுப்பில், அதை நடத்தும் திருநங்கை ரேஷ்மா அக்கா எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை பற்றிச் சொன்னார். ஆணுறை கிழிந்தால் மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும், பிறகு பலிக்காது. நான் அதை அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பரணி, "எனக்கு இன்னிக்கு மூணாவது நாள்டி" என்றாள். வீட்டில் அவள் இன்னும் மகன்தான்.

வாசலில் இருந்த, அந்த மாத்திரையைத் தரும் இயந்திரம் குடும்பத் தலைவரின் முகத்தைக் காட்டச் சொன்னது. அப்பாவை எப்படி அழைப்பாள்? திருநங்கைகள் மகளைத் தத்தெடுக்கும் வழக்கப்படி, அக்கா தன் முகத்தைக் காட்டி, "இவ இனிமே என் பொண்ணு" என்றார். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய குடும்ப அட்டையிலிருந்து பரணியின் பெயர் நீக்கப்பட்டதாக அவள் வீட்டுக்குச் செய்தி போகும், சம்மதமா என்று கேட்டது.

"அமுக்குடி. இவ்வளவு அழகான அம்மா வேற எங்க கிடைப்பா?" என்றார் அக்கா.

"எனக்கு வீட்டுல இருக்கிற அம்மாவே போதும்க்கா." பரணி சிரித்துக்கொண்டே 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, மாத்திரை இல்லாமலே பஸ் ஏறிவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்து 'சம்மதம்' என்பதை அழுத்தியிருக்க வேண்டுமா? அப்படிச் செய்ய எனக்கு உரிமை உண்டா? இன்னும் தெரியவில்லை.

சற்று முன் அவளிடமிருந்து செய்தி வந்தது: "அம்மா சப்பாத்தி போட்டுக் கொடுத்தாங்க. குருமா சூப்பர்டி."