சுத்தமான காற்று

"டேய், நீ ஒரு பேங்க் மேனேஜர்டா! அந்தக் கண்றாவியை முதல்ல உள்ள வை" என்றார் வக்கீல்.

மேனேஜர் உள்ளே வைக்கவில்லை. கூடாரத்தின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு ஊசிகளையும் நீல உல்லன் நூலையும் வைத்துக்கொண்டு மப்ளர் பின்னிக்கொண்டிருந்தார்.

வெளியே காலையிலிருந்து விடாத மழை. காட்டு ஓரத்தில், நாலு பேர் இடித்துக்கொண்டு படுக்கிற மாதிரி ஒரே ஒரு கூடாரம். குளிரில் பல் டாக்டரின் பல்லே தந்தியடித்தது.

இந்தப் பயணமே மேனேஜருக்காகத்தான். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவரிடம், பெரிய டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "இனி ஒரு சிகரெட் தொட்டாலும் நான் பொறுப்பில்லை."

அன்று வார்டு வாசலில் மூன்று நண்பர்களும் தேம்பித் தேம்பி அழுதார்கள். அழுகை உண்மையானதுதான், அதில் குறை சொல்ல முடியாது. அழுது முடித்ததும் கேன்டீனின் பின்பக்கம் போய் ஆளுக்கொரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, நண்பனைக் காப்பாற்றியே தீருவது என்று சபதம் எடுத்தார்கள்.

"அவனுக்கு வேண்டியது சுத்தமான காத்து" என்று தீர்ப்புச் சொன்னது வக்கீல்.

அந்தச் சுத்தமான காற்று இப்போது வெளியே நனைந்துகொண்டிருந்தது. உள்ளே, சாரல் அடிக்கிறதென்று ஜிப்பை மேல்வரை இழுத்து மூடிவிட்டு, மூன்று பேரும் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா இந்த வேண்டாத வேலை?" என்றார் என்ஜினியர். பாலம் கட்டுகிறவர்.

"கை சும்மா இருந்தா சிகரெட்டைத் தேடுதுடா. அதுக்குத்தான்."

வக்கீலுக்குச் சுருக்கென்றது. காலேஜ் நாளிலிருந்து நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்து கெட்டவர்கள். அதில் ஒருவன் மட்டும் தப்பித்துவிட்டால், மிச்சமிருக்கிறவர்கள் வீட்டில் என்ன சாக்குச் சொல்வது?

"ஒண்ணே ஒண்ணு இழுடா, இந்தக் குளிருக்கு இதமா இருக்கும்" என்று நீட்டினார் பல் டாக்டர். "டாக்டர் நானே சொல்றேன்."

"நீ பல் டாக்டர்."

"பல்லைத் தாண்டித்தானேடா புகை உள்ள போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். ஆனால் நீட்டிய சிகரெட்டை விட்டுக் கண்ணை எடுக்க அவருக்குச் சிரமமாக இருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு அவசர அவசரமாக அடுத்த வரிசையை ஆரம்பித்தார்.

வக்கீலுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இந்த டிக் டிக் சத்தம் மண்டையைக் குடையுது. பின்னியே ஆகணும்னா வெளிய போய்ப் பின்னு."

"மழைடா..." என்று இழுத்தார் என்ஜினியர்.

"வண்டி நிக்குதுல்ல? அங்க போய் உட்காரட்டும். எங்க நிம்மதியைக் கெடுக்க வேண்டாம்."

மேனேஜர் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

"பார்த்தீங்களா திமிரை! யாருக்காக வந்தோம் நாம?" என்றார் வக்கீல்.

கொஞ்ச நேரத்தில் என்ஜினியர் எழுந்தார். "கூடாரக் கயிறு தளர்ந்த மாதிரி இருக்கு. ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்."

அடுத்து பல் டாக்டர். "வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும். இங்க டவர் கிடைக்கலை."

போனவர்கள் போனவர்கள்தான்.

வக்கீல் தனியாக இன்னொன்றைப் பற்றவைத்தார். இரண்டாவது இழுப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வழிய, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். முதுகைத் தடவிவிட ஒரு ஆள் இல்லை. பயமாகத்தான் இருந்தது. பயத்தைக் கோபமாக மாற்றுவதில் கைதேர்ந்தவர் என்பதால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியே வந்தார்.

வண்டியின் பின்கதவு தூக்கியிருந்தது. அதிலிருந்து இழுத்துக் கட்டிய தார்ப்பாயின் அடியில் மூன்று பேர். நடுவில் மேனேஜர். ஒரு பக்கம், பாலம் கட்டுகிற என்ஜினியர் நாக்கைத் துருத்திக்கொண்டு சிவப்பு நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம், கடைவாய்ப் பல்லைக் குடைகிற அதே கவனத்தோடு சாம்பல் நிற நூலைக் குடைந்துகொண்டிருந்தார் பல் டாக்டர்.

"தூ! வெட்கமா இல்லை உங்களுக்கு?"

"கத்தாதடா, கண்ணி நழுவுது" என்றார் பல் டாக்டர், தலையைத் தூக்காமல்.

"கயிறு பார்க்கப் போன துரை என்ன பண்றீங்க?"

"சும்மா இருடா" என்றார் என்ஜினியர். "சிகரெட்டை விடுவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியலை. இங்க உட்கார்ந்ததுலேர்ந்து தொடலை. அவ்வளவுதான் தெரியும்."

வக்கீல் மேனேஜர் பக்கம் திரும்பினார். "உன்னைத் தேத்திக் கூட்டிட்டுப் போகலாம்னு நாங்க வந்தா, நீ இவனுங்களைக் கெடுத்து வச்சிருக்கியே!"

சொல்லி முடிப்பதற்குள் மறுபடி இருமல் வந்துவிட்டது. மேனேஜர் எழுந்து அவர் முதுகைத் தடவிவிட்டார். இருமல் அடங்கும்வரை காத்திருந்து, நகர்ந்து இடம் விட்டார். பிறகு பைக்குள் கையை விட்டு, கடைக் காகிதம் கூடப் பிரிக்காத ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"நாலு பேருக்கும் போன வாரமே வாங்கிட்டேன்டா. உனக்குப் பச்சைதானே பிடிக்கும்?"