குரல் நின்ற நொடி

சோனியா நடுக்கோட்டைத் தாண்டியதும் வரதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மகள் ஆடுவதைப் பார்க்க அவர் வரவில்லை. கேட்க வந்திருந்தார்.

கபடி கபடி கபடி.

“இன்னா வரதண்ணே, பொண்ணு கடைசி ரைடு போவுது, நீ தூங்கிக்கினுகீற?” பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த சுப்பிரமணி முழங்கையால் இடித்தான்.

“வாய மூடுறா. காது கேக்கல.”

புதுவாயல் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில். தேர்வாய் கண்டிகை கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்கான இறுதி ஆட்டம். சோனியாவின் அணிக்கு ஒரு புள்ளி குறைவு. புள்ளி கிடக்கிறது கழுதை. விசில்காரனை வரதன் நம்பவில்லை. கோச்சை நம்பவில்லை. முதலுதவிப் பெட்டியைக் காலையிலேயே திறந்து பார்த்துவிட்டார். இரண்டு பிளாஸ்திரியும் யாரோ கடித்து வைத்த பிஸ்கட்டும்தான் இருந்தன.

அவர் நம்பியது அந்தக் குரலை மட்டும்.

வீட்டிலும் அப்படித்தான். குளிக்கப் போனவள் முணுமுணுப்பதை நிறுத்தினால் கதவைத் தட்டுவார், குரல் குடு என்று. “கீறேன் நைனா” என்பாள் உள்ளேயிருந்து. ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் பென்னி கம்பெனிக் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான். இடுப்பில் கயிறு. மறுமுனை மேலே நின்ற வரதன் கையில். உள்ளே இறங்கியவன் எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டோ வசவோ. குரல் நின்ற நொடியே மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். முகமூடியா கொடுத்தார்கள், இந்த ஒரு கட்டுப்பாடுதான் அவர்களுக்கு உயிர்.

பென்னி பிணமாகத்தான் மேலே வந்தான்.

தரை அதிர்ந்தது. வரதன் கண்ணைத் திறந்தார்.

நான்கு பெண்கள் சோனியாவின் மேல் விழுந்து கிடந்தார்கள். அவளுடைய ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது.

கபடி கபடி. குரல் அடியிலிருந்து வந்தது. மெலிந்தது. கபடி. கப...

நின்றுபோனது.

வரதன் எழப் பார்த்தார். கால் இரண்டும் மரக்கட்டை.

“ஒண்ணும் ஆவாது வரதண்ணே,” சுப்பிரமணி சிரித்தான். “சும்மா பாவ்லா காட்டுது.”

அந்த வார்த்தை விழுந்ததும்தான் கால் எழுந்தது. எல்லைக் கயிற்றைத் தாண்டும்போது ஒரு செருப்பு கழன்று போனது. விசில் அலறியது. கையில் சிக்கிய பனியனையெல்லாம் பிடித்து ஒவ்வொருத்தியாக இழுத்துத் தள்ளினார்.

அடியில் சோனியா கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விரல் நடுக்கோட்டின் மேல் இருந்தது.

கோட்டைத் தொட்ட பிறகுதான் கபடிப் பாட்டை விட்டேன் என்றாள். வெளி ஆள் புகுந்து கலைத்துவிட்டார், எதுவும் சொல்ல முடியாது, ரைடு செல்லாது என்றான் விசில்காரன்.

“கப்பு போச்சு. உங்க நைனாவ ஊட்லயே கட்டிப் போட்டுட்டு வரதுதான?” என்றாள் கூட ஆடியவள் ஒருத்தி.

சோனியா எழுந்து வந்தாள். புழுதி படிந்த கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன் குரல் நின்னப்பவும் நீ இப்டிதான் பதறியிருப்ப, இல்ல நைனா.”

வரதன் கழன்று போன செருப்பைத் தேடுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கு அவர் பதறவில்லை. வேலையில் ஏய்க்கிறவன்தானே பென்னி. குரல் நின்றதும், “பாவ்லா காட்டுறான்” என்றார் தொட்டியைப் பார்த்து. கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, கையிலிருந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

பிறகுதான் இழுத்தார்.