இரண்டு பேர் சத்தம்

"துரோகி!" என்று ஆசிம் கத்திய கத்தலில், மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மாதேஷ் இரண்டடி பின்வாங்கினான். அவன் முன்னால் நாற்காலியில் ஒரு புது கிட்டார் கிடந்தது.

புதிதென்றால் அவனுக்குப் புதிது. பெங்களூரில் யாரோ வாசித்துவிட்டு விற்றது.

"கோவப்படாதீங்க பாய். இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லத்தான் கொண்டாந்தேன்..."

"எப்போ சொல்லுவே? என்னை வூட்டுக்கு அனுப்பிட்டு அப்புறமாவா?"

ஒகேனக்கலில் இந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் சனி, ஞாயிறு சாயங்காலம் இவர்கள் இருவரும் சேர்ந்து கிட்டார் வாசிக்கிறார்கள். ஐந்து வருடமாயிற்று. ஆசிம் தருமபுரியிலிருந்து பைக்கில் வருவான், மாதேஷ் பென்னாகரத்தில் பஸ் ஏறுவான். பரிசலில் நனைந்துவிட்டு வருகிற பெங்களூர்க்காரர்கள் மீனைக் கடித்துக்கொண்டே கேட்பார்கள், சில சமயம் கைகூடத் தட்டுவார்கள்.

இரண்டு வாரமாக ஒரு பேச்சு அடிபட்டது. விடுதி முதலாளி இருவரில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறாராம். அதைக் கேட்ட அன்றே மாதேஷின் தோளில் கை போட்டு, "வாசிச்சா ரெண்டு பேரும் வாசிப்போம், இல்லேன்னா ரெண்டு பேருக்குமே வேணாம்" என்று சத்தியம் வாங்கியது ஆசிம்தான். மாதேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வீட்டு அடுப்பு இந்த இரண்டு சாயங்காலத்தை நம்பித்தான் எரிகிறது.

அப்படிச் சத்தியம் செய்தவன் இந்தக் கிட்டாரோடு வந்து நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? பார்க்கச் சாதாரண மரக் கிட்டார்தான். ஆனால் உள்ளே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஒயரும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் பெரிய மண்டபத்தில் வாசித்த மாதிரி எதிரொலி மரத்திலிருந்தே வரும். ஒரு திருகைத் திருப்பினால் ஒரே ஆள் வாசிப்பது இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கும்.

"ரெண்டு பேர் சத்தம் இதுலயே வந்துட்டா நான் எதுக்கு? அதானே உன் திட்டம்?"

"ஐயோ, இல்லைங்க பாய். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிட்டு பஸ்ல ஏறுனா கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு வர்றாரு. இங்க கரண்டு போனா நாம ரெண்டு பேரும் முழிச்சிட்டு உக்காந்திருக்கறோம். இது இருந்தா நமக்குச் சவுகரியமா இருக்கும்னுதான் வாங்குனேன்."

"போன மாசம் எங்கிட்ட கேட்டியா, இல்லையா? நான் என்ன சொன்னேன்?"

"குப்பைன்னீங்க."

"அப்புறம்?"

"பாத்ரூம்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கும், விரல் சோம்பேறி ஆயிடும், ரெண்டே மாசத்துல உள்ள இருக்கறது புட்டுக்கும், காசைக் கொண்டுபோய் காவேரியில போடாதேன்னீங்க."

"அவ்வளவு சொல்லியும் வாங்கியிருக்கறே. நானெல்லாம் அந்தக் கண்றாவியைக் கையால தொட்டதுகூட இல்லை. விரலை நம்பறவன்டா நான்!"

மாதேஷ் அசடு வழிந்தான். "நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சுங்க. வித்தவரு வாசிச்சுக் காட்டறப்போ நல்லாத்தான் கேட்டுச்சு. பஸ்ல வர்றப்போ அந்தப் பொத்தானைத் தட்டித் தட்டிப் பாக்கறேன், ஒண்ணுமே வரலை. ஏமாந்துட்டேன் போலிருக்குது."

"கொண்டா, நீ வாங்குன லட்சணத்தை நானே காட்டறேன்."

ஆசிம் கிட்டாரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். திட்டுவதை நிறுத்தாமலே பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தான். பிறகு தந்திகளின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினான்.

அந்த எதிரொலியில் கூடமே நிறைந்துவிட்டது. சமையல்காரர் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"கேட்டியா? அத்தனையும் போலி. இந்தப் போலிக்காக நம்ம அஞ்சு வருசத்தை வித்துட்டியேடா மாதேஷ்!" ஆசிமுக்குக் குரல் உடைந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதற்கு மேல் மாதேஷுக்குத் தாங்கவில்லை. தான் செய்தது துரோகம்தானோ என்று அவனுக்கே தோன்றிவிட்டது. அண்ணன் மாதிரி இருந்தவனை அழ வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"தப்புதாங்க பாய். எனக்கு இந்தக் கிட்டாரும் வேணாம், இந்த வேலையும் வேணாம். நீங்களே தனியா வாசிங்க. மேனேஜர் மேடம்கிட்ட நானே சொல்லிட்டுப் போயிடறேன்."

"அது உன் இஷ்டம். நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்," என்றான் ஆசிம்.

மாதேஷ் தளர்ந்துபோய் வாசலுக்கு நடந்தான். தூணுக்கு அந்தப் பக்கம் கழற்றி விட்டிருந்த செருப்பை மாட்டக் குனிந்தான்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ராதிகா மாடியிலிருந்து இறங்கி வந்தார். தூணுக்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஆசிமின் மடியிலிருந்த கிட்டாரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இன்னைக்கும் இதைக் கையோட கொண்டாந்துட்டீங்களா ஆசிம் சார்? போன புதன்கிழமை நீங்க மட்டும் வந்து வாசிச்சுக் காட்டுனதுல இருந்து முதலாளிக்கு வேற பேச்சே இல்லைங்க!"

ஆசிம் அவசரமாகக் கையை ஆட்டினான். தூணுக்குப் பின்னால் குனிந்தவன் நிமிரவே இல்லை.

ராதிகா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நீங்க கேட்டுக்கிட்ட மாதிரியே மாதேஷை நிறுத்திடச் சொல்லிட்டாருங்க."