ஒரு நூல் இடைவெளி

மோட்டாரின் மூடியைக் கழற்றியதுமே ஜாக்குலினுக்குக் கை ஓடவில்லை.

உள்ளே சுருள்கள் ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தன. ஸ்டேட்டரின் உட்சுவரில் அதே பக்கம் பளபளவென்று ஓர் உரசல்.

மதுராந்தகத்தில் பதினோரு வருடமாக, மோட்டாருக்குச் சுருள் கட்டும் வைண்டிங் கடை நடத்துகிறவள். இது மின்சாரம் செய்த வேலை இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஸ்டேட்டர் அசையாமல் நிற்கும். அதன் வயிற்றுக்குள் ரோட்டார் சுற்றும். இரண்டும் தொட்டுக்கொள்ளவே கூடாது. நடுவே ஒரு நூல் இடைவெளி. காந்தவிசை அதைத் தாண்டித்தான் ரோட்டாரைச் சுழல வைக்கிறது. இடைவெளியைக் காப்பது இரு முனையிலும் உள்ள பேரிங். அது தேய்ந்தால் ரோட்டார் சரிந்து உரசும்.

இதில் பேரிங் தேய்ந்திருந்தது.

மூன்று மாதம் முன்பு இதே மோட்டாருக்குச் சுருள் கட்டியவள் அவள்தான். புது பேரிங் கைவசம் இல்லை. அவசரம் என்று நச்சரித்தார்கள். பழையதையே கழுவி, கிரீஸ் வைத்து மாட்டி அனுப்பிவிட்டாள்.

கோவளத்தில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஜானகிராமன் வாசலில் நிலைகொள்ளாமல் நடந்தார். தண்ணீரில் காற்றேற்றும் சக்கரம் நின்றுபோய் ஒரு குளத்து இறால் முழுக்கச் செத்து மிதந்ததாம். மோட்டார் பார்த்துக்கொள்ளும் பூபாலன், மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போனதைக் கவனிக்காமல் தூங்கிவிட்டானாம். கடைக்காரி வாயால் அதைக் கேட்டுவிட்டால் இப்படியே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிடுவாராம்.

பூபாலன் லோடு வண்டியில் சாய்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். கடையின் பேர் தப்பிக்கும். ஜாக்குலின் பழந்துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"பேரிங்கு போயிருக்குது சார். நான்தான் மாத்தாம வுட்டுட்டேன். அவரு மேல தப்பு இல்ல."

ஜானகிராமன் நின்றார். பேரிங் என்றால் பத்து நாளாவது கத்தியிருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று பூபாலனிடம் கேட்டார்.

அவன் மறுபடி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லியிருந்தால் யார் கட்டிய மோட்டார் என்ற பேச்சு வந்திருக்கும். ஜாக்குலினுக்கு அது புரிந்தது.

ஜானகிராமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இவனப் போயி அவருன்ற. தப்பையும் நீயே ஏத்துக்கினு பேசற. இவன் உனக்கு இன்னா ஆவணும்?"

இதற்கு உண்மையைச் சொன்னால், முதலில் சொன்ன உண்மையை அவர் நம்பமாட்டார்.

"யாரும் இல்ல சார்."

பூபாலன் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான்.

ஜானகிராமன் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினார். இனி இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன் என்றார். பிரித்த மோட்டாரை அப்படியே வண்டியில் ஏற்றும்படி பூபாலனிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்து வேறு கடைக்காரனை விசாரித்தபடி நகர்ந்தார்.

ஒரு ஆளால் தூக்க முடியாத எடை. இரண்டு வருடம் முன்பு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன புருஷன் ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் அவள் பிடித்தாள்.

"நாஸ்தா துன்னியா?" என்றான், மோட்டாரைப் பார்த்தபடி.