ஜெபராணி நிறுத்திய பேருந்து

ஓட்டுநரில்லாத பேருந்தில் ஜெபராணி உதவியாளர். மீன்கூடையோடு மூச்சிரைக்க ஓடிவந்த ஒருத்திக்காக, நிறுத்தமில்லாத இடத்தில் அவசரப் பொத்தானை அழுத்திவிட்டாள். நாளை விசாரணை. பதில் எழுதித் தரும் கருவி இரண்டு பதில்களை நீட்டியது.

“நெஞ்சுவலியால அழுத்துனேன்னு சொன்னா, வேலை தங்க தொண்ணூறு சதவீத வாய்ப்பாம். உண்மையச் சொன்னா பன்னிரண்டுதான்,” என்று வாசித்தான் கணவன் மரியசெல்வம். “நெஞ்சுவலியவே அனுப்பிரு பிள்ள.”

“நாளைக்கு இன்னொருத்தி ஓடி வருவா. அப்போ எந்த வலியச் சொல்ல?”

“வேலை போயிட்டா?”

“போனாப் போகட்டுங்க. வண்டிய விட்டிருந்தா அவ மீன் அத்தனையும் வீணாப் போயிருக்கும்.”

மரியசெல்வம் உண்மையான பதிலைத் திறந்து, கருவியை அவள் பக்கம் நகர்த்தினான்.

“அப்போ, இனியும் நிறுத்துவேன்னு ஒரு வரி சேர்த்துக்க.”

சேர்த்தாள். வாய்ப்பு நான்கு சதவீதமாகக் குறைந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே அதை அனுப்பினார்கள்.